எழுபது சதவீதம்

எனக்குக் கோபம் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் என்று எங்கள் சட்டக் கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும். நான் அங்கே நூலகர். தீர்ப்புத் தொகுதியின் பக்கத்தை மடித்தால் கத்துவேன். புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் திரும்பி வரும்வரை காத்திருந்து கத்துவேன். மாணவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'உஷ்'. நூலகத்தில் அதிகம் சத்தம் போடுகிறவளே நான்தான் என்பதால் அந்தப் பெயரில் கொஞ்சம் நக்கலும் உண்டு. அந்தக் கோபமெல்லாம் வந்த வேகத்தில் போய்விடும். இப்போது சொல்லப் போகிற கோபம் அப்படிப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் எனக்கு அக்கா வீட்டில்தான் சாப்பாடு. அக்கா வீட்டு வாசற்கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள். ஒன்று கைக்கு எட்டுகிற இடத்தில், இன்னொன்று உச்சியில். பட்டப்பகலிலும் இரண்டும் போட்டிருக்கும். பால் பாக்கெட் வாங்கக் கதவைத் திறந்தாலும் வாங்கிய கையோடு மூடிவிடுவாள். "எங்க வீடு வீடில்ல சித்தி, ஜெயிலு" என்பாள் அக்கா மகள். அவள் இந்த வருடம்தான் எங்கள் கல்லூரியில் முதலாம் ஆண்டு சேர்ந்திருக்கிறாள். அக்காவுக்கு ஒரே பெண். அத்தான் வெளியூரில் வேலை பார்க்கிறார், மாதம் ஒருமுறை வந்து போவார்.

அன்று அக்கா மகள் தட்டின் முன்னால் உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டாள்.

"சித்தி, இன்னைக்குக் கத்திரி சார் க்ளாஸ் செமயா போச்சு."

கத்திரி சார் என்பது தீங்கியல் சட்டம், அதாவது அலட்சியத்தால் வரும் தீங்குக்கு இழப்பீடு கேட்கும் சட்டம், நடத்தும் பேராசிரியர். நூறு பக்கத் தீர்ப்பையும் ஆறு பக்கமாக வெட்டிக் கொடுப்பார் என்பதால் வந்த பெயர். அவரும் நானும் சேர்ந்துதான் முதலாண்டு மாணவர்களுக்கான வழக்குத் தொகுப்பைத் தயாரிக்கிறோம். அட்டையில் இரண்டு பேர் பெயரும் இருக்கும், முதலில் அவருடையது, கீழே என்னுடையது.

"என்ன நடத்தினாரு?" என்று கேட்டேன்.

"ஒரு கேஸ். தெருவுல நகராட்சிக்காரங்க ஒரு குழி தோண்டிட்டு மூடாம போயிட்டாங்க. ரெண்டு வயசுக் குழந்தை ஒண்ணு அதுல விழுந்து செத்துப்போச்சு. ஆனா அந்த அம்மா வாசக்கதவத் தெறந்து போட்டுட்டு உள்ள போயிருக்கா. யார் மேல எவ்வளவு தப்புன்னு சார் ஓட்டு எடுத்தாரு. அம்மா மேல முப்பதா, அம்பதா, எழுபதான்னு. கை தூக்கச் சொன்னாரு."

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஜாடியை நிமிர்த்தி மேஜைமேல் வைத்தாள்.

"நான் எழுபதுக்குத் தூக்கினேன்" என்றாள் அக்கா மகள். "என் பக்கத்துல உக்காந்திருந்தவ நூறு போடுங்க சார்னு சொன்னா. குழிக்குக் கால் இருக்கா என்ன, குழந்தைக்குத்தானே இருக்குன்னு கேட்டா. க்ளாஸே சிரிச்சுடுச்சு."

அக்கா எழுந்தாள். தன் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது. குழாயைத் திறந்து விடும் சத்தம் கேட்டது. நான் கை கழுவுகிற சாக்கில் பின்னாலேயே போனேன்.

அவள் திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்: "அது என் கேஸுதானே?"

"ம்."

"அந்த வரி புக்குல இருக்கா?"

"இருக்கும்க்கா. நான் பாக்குறேன்."

"இருந்திருந்தா அவ எழுபதுன்னு சொல்லியிருக்க மாட்டா" என்றாள். குழாயை மூடினாள். நன்றாக இறுக்கி மூடினாள்.

அந்தக் குழந்தை அக்காவின் மூத்த பிள்ளை. என் இடுப்பில் வளர்ந்தவன். நான்தான் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தத் தெருவில் மேலும் கீழும் நடந்து தூங்க வைப்பேன். அவன் போன பிறகு தெருவே கூடி, ஆளுக்கு ஒரு பேச்சுப் பேசியது. எல்லாப் பேச்சும் கதவில் வந்து முடிந்தது. அக்கா கதவைத் திறந்து போட்டாளாமே. அக்கா கதவைத் தாழ் போடலையாமே. குழியைத் தோண்டியவர்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அத்தானின் அம்மாகூட ஒரு வருடம் அக்காவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்கா வழக்குப் போட்டாள். கீழ்க்கோர்ட்டில் தோற்றாள். மேல்கோர்ட்டுக்குப் போனாள். அங்கே தீர்ப்பு வாசிக்கப்பட்ட அன்று அவள் தோளில் ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கைக்குழந்தைதான் இப்போது எழுபதுக்குக் கை தூக்கிவிட்டு வந்திருக்கிறது.

நீதிபதி வாசித்ததில் பாதி அக்காவுக்குப் புரியவில்லை. ஒரு வரி மட்டும் புரிந்தது. 'அந்தத் தாய் செய்யத் தவறியது எதுவும் இல்லை.' அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து நடந்தாள். வேறு ஊர்ப்பக்கம் வீடு மாறினார்கள். மகளிடம் அண்ணன் காய்ச்சலில் போய்விட்டான் என்று சொல்லி வளர்த்தாள். கதவை வைத்துத் தன்னை எடைபோடுகிற இன்னொரு ஜோடிக் கண் வீட்டுக்குள்ளேயே வேண்டாம் என்றாள். அது அவள் முடிவு. நான் குறுக்கே பேசியதில்லை.

அந்தத் தீர்ப்பு நல்ல தீர்ப்பு. உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பைப் பற்றிப் பாடம் நடத்த அதைவிடச் சுருக்கமாக ஒன்று கிடைக்காது. கத்திரி சார் அதைத் தொகுப்பில் சேர்க்க வேண்டும் என்று முதலில் சொன்னபோது நான் அக்காவிடம் போய்க் கேட்டேன். கேட்காமல் சேர்த்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் கேட்டேன். அவள் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டுச் சொன்னாள்: "போடு. படிக்கிற பிள்ளைங்க தெரிஞ்சுக்கட்டும். பேரு வேணாம். அந்த வரிய மட்டும் எடுத்துடாத."

எடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். தொகுப்பில் அதை 'நகராட்சிக் குழி வழக்கு' என்று பெயர் மாற்றிப் போட்டோம். குழந்தை இறந்த வழக்கு, குடும்பத்தின் பெயர் வேண்டாம் என்று சொன்னபோது சார் உடனே ஒத்துக்கொண்டார். யாருடைய குடும்பம் என்று அவருக்குத் தெரியாது.

தொகுப்பு வேலையில் எனக்கு ஒரு கறார் உண்டு. எப்போது வெட்டினாலும் முழுத் தீர்ப்பை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு அதிலிருந்துதான் வெட்ட வேண்டும். போன பதிப்பில் வெட்டியதை எடுத்து வைத்துக்கொண்டு அதையே மறுபடி வெட்டக் கூடாது. வெட்டிய இடத்தில் மூன்று புள்ளி வைக்க வேண்டும், இங்கே ஏதோ இருந்தது என்று படிக்கிறவனுக்குத் தெரிய வேண்டும். நீதிபதிகள் ஒரு கெட்ட பழக்கம் வைத்திருக்கிறார்கள். எதிர்த்தரப்பு வாதத்தைத் தாங்களே சொல்வது போலப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். எழுதிவிட்டுக் கடைசியில் ஒரே வரியில் அதைத் தூக்கிக் குப்பையில் போடுவார்கள். அந்த ஒரு வரியை விட்டால் தீர்ப்பு தலைகீழாகிவிடும். இது எங்கள் வேலையில் பாலபாடம்.

இந்த வருடப் பதிப்பு தயாரானபோது நான் கை எலும்பு முறிந்து விடுப்பில் இருந்தேன். திரும்பி வந்தபோது அச்சாகி வந்த புத்தகங்கள் நூலக வாசலில் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தன. "பெருசா ஒண்ணும் மாத்தல மேடம், லேசா ட்ரிம் பண்ணேன், முதல்வர் பக்கத்தக் குறைக்கச் சொல்லிட்டாரு" என்றார் சார். நம்பினேன். இத்தனை வருடம் கூட உட்கார்ந்து வேலை பார்த்த ஆள்.

சமையலறையிலிருந்து வந்து அக்கா மகளின் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். குழி வழக்கு அது இருந்த இடத்தில் இல்லை. 'பாதிக்கப்பட்டவரின் பங்கு' என்ற வேறு அத்தியாயத்துக்குப் போயிருந்தது. ஒன்றரைப் பக்கம். நடுவில் இப்படி இருந்தது:

'தாய் வாசற்கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே சென்றார். தெருவில் குழி தோண்டப்பட்டிருப்பது அவருக்குத் தெரியும். திறந்த கதவைக் கண்டால் இரண்டு வயதுக் குழந்தை வெளியே போகும் என்பதை எந்தத் தாயும் அறிவாள். தாழிட ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியை அவர் செலவிடவில்லை.'

அதோடு முடிந்துவிட்டது. கீழே தடித்த எழுத்தில் கேள்வி: 'தாயின் அலட்சியம் எத்தனை சதவீதம்? விவாதிக்க.'

அது நகராட்சி வழக்கறிஞரின் வாதம். கூலி வாங்கிக்கொண்டு ஒரு மனிதர் பேசிய பேச்சு. 'நகராட்சித் தரப்பு வாதம்' என்ற தலைப்பு மேலே இருந்தது, அது போய்விட்டது. கீழே நீதிபதி அதை நிராகரித்திருந்தார், அது போய்விட்டது. புள்ளிகளும் போய்விட்டன. அந்த வாதம் தீர்ப்பாகி, அச்சாகி, வகுப்பு முழுக்கக் கையில் இருந்தது. அந்தத் தெரு பேசிய பேச்சை நாங்களே அட்டை போட்டுக் கொடுத்திருந்தோம். புத்தகத்தை இறுக்கிப் பிடித்தேன். முறிந்த கை என்பதால் வலித்தது.

"என்ன சித்தி, தப்பா எதுவும் பிரிண்ட் ஆயிருக்கா?" என்றாள் அக்கா மகள்.

"ஆமா" என்றேன். அதற்கு மேல் பேசினால் விஷயம் வெளியே வந்துவிடும் என்று கிளம்பிவிட்டேன். அக்கா பின்னால் வந்து இரண்டு தாழ்ப்பாளையும் போடும் சத்தம் படியிறங்கும்போது கேட்டது.

திங்கட்கிழமை காலை சார் அறைக்குப் போனபோது அவர் ஜன்னலோரம் நின்று செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மேஜையில் பழைய பதிப்புகள், பசை, சிவப்புப் பேனாக்கள், எப்போதும் இருக்கிற அந்த நீளக் கத்தரிக்கோல். கம்ப்யூட்டர் வந்து இத்தனை வருடமாகியும் காகிதத்தில் வெட்டி ஒட்டித்தான் அவருக்குப் பழக்கம். நான் முழுத் தீர்ப்பின் நகலை அவர் மேஜையில் வைத்தேன். வைத்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. போட்டேன்.

"குழி வழக்க எதுலேர்ந்து வெட்டினீங்க சார்?"

"போன பதிப்புலேர்ந்து. ஏன் மேடம்?"

"வெட்டினதையே வெட்டக் கூடாதுன்னு எத்தனை தடவ பேசியிருக்கோம்?"

"நீங்க லீவுல இருந்தீங்க. முதல்வர் தலைமேல உக்காந்திருந்தாரு. முழுத் தீர்ப்பெல்லாம் எடுத்து வெச்சுப் படிக்க நேரம் ஏது?"

"அது யாரோட வாதம்னே போடலையே சார்."

அவர் புத்தகத்தைப் புரட்டினார். படித்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஒத்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

"தலைப்பு விட்டுப்போச்சு போல" என்றார். "ஒட்டும்போது தவறியிருக்கும்."

"கடைசிப் பத்தி?"

"அது நானே எடுத்ததுதான். முடிவத் தெரிஞ்சுட்டா பசங்க விவாதம் பண்ண மாட்டாங்க மேடம். முடிவ வாயால சொல்லிக்கலாம்னு விட்டேன்."

"சொன்னீங்களா?"

செடியைப் பார்த்தார். "மணி அடிச்சிடுச்சு."

"சனிக்கிழமை க்ளாஸ்ல?"

"அடுத்த அத்தியாயத்துக்குப் போயிட்டேன். போர்ஷன் முடிக்க வேண்டாமா?"

எனக்குத் தலைக்கு ஏறியது. "சார், வக்கீல் பேசினத ஜட்ஜு வாயில திணிச்சிருக்கீங்க. ஒரு பிள்ளைய பறிகொடுத்தவள வெச்சு ஓட்டு எடுத்திருக்கீங்க. பசங்க சிரிச்சிருக்காங்க."

"நீங்க ரொம்ப உணர்ச்சிவசப்படறீங்க. இது பாடம். அந்தம்மா இப்ப எங்க இருக்காங்களோ என்னவோ. அவங்க வந்து நம்ம புக்கப் படிக்கப் போறாங்களா?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அக்காவைக் கேட்காமல் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அதோடு எனக்கு ஒரு வீம்பும் இருந்தது. யாரென்றே தெரியாத ஒருத்திக்காக இந்த மனிதர் தன் தப்பைத் திருத்துகிறாரா என்று பார்க்க வேண்டும் போல இருந்தது.

"அதே க்ளாஸ்ல, அதே பசங்ககிட்ட, 'நான் கேட்ட கேள்வி தப்பு'ன்னு சொல்லுங்க. போதும்" என்றேன்.

"முதல் வருஷப் பசங்ககிட்டப் போய் என் புக்கே தப்புன்னு சொன்னா நாளைக்கு எவன் மதிப்பான்? அடுத்த பதிப்புல சரி பண்ணிக்கலாம். வேணும்னா ஒரு திருத்தச் சீட்டு அடிச்சு ஒட்டிடுங்க. உங்க லைப்ரரில பசை இருக்கும்ல."

கடைசி வரியை அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. எனக்குக் கை முறிந்தபோது பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தவர். ஆனால் அந்த நிமிடம் அந்தக் கத்தரிக்கோலைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே எறிய வேண்டும் போல இருந்தது. கதவை அறைந்து சாத்திக்கொண்டு வந்தேன். நூலகத்தில் அன்று யாரும் மூச்சுவிடவில்லை.

முதலாண்டுக்கு வாரத்தில் ஒரு வகுப்பு எனக்கு உண்டு. தீர்ப்பை எப்படித் தேடுவது, எப்படிப் படிப்பது என்று சொல்லிக்கொடுக்கும் நூலக வகுப்பு. இந்த வாரம் முழுத் தீர்ப்பையும் நகலெடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்துப் படிக்க வைத்துவிடலாம். சாரின் அனுமதி தேவையில்லை. ஆனால் முழுத் தீர்ப்பின் முதல் வரியிலேயே அக்காவின் பெயர் இருக்கிறது. பழைய தெருவின் பெயர் இருக்கிறது. அத்தானின் பெயர் இருக்கிறது. பெயரை மை பூசி அழித்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மறைத்ததில் வந்த வினைதான் இது, இதிலும் மறைப்பதா.

மறுநாள் மத்தியானம் அக்கா வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்குப் போனேன். பின்னறையில் அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக்குத் திருகு போட்டுக்கொண்டிருந்தாள். கடுகு போலத் திருகு. அவள் கை கொஞ்சமும் ஆடவில்லை.

புத்தகத்தில் என்ன நடந்திருக்கிறது என்று சொன்னேன். அவள் வேலையை நிறுத்தாமல் கேட்டாள்.

"அந்த வக்கீல எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள். "பேசும்போது என்னையே பாத்துப் பேசுவான். ஒரு நொடி போதும், ஒரு நொடி போதும்னு விரலச் சொடுக்குவான். அதத்தான் என் பொண்ணு படிச்சிருக்கா, இல்ல?"

"ஆமாக்கா."

"என்ன பண்ணப்போற?"

"முழுத் தீர்ப்பையும் படிக்கக் கொடுக்கலாம்னு இருக்கேன். ஆனா உன் பேரு இருக்கும். முதல் வரியிலேயே."

"இருக்கட்டும். நான் என்ன திருடினேனா?"

"நீ முன்னாடியே வீட்ல சொல்லிடேன். க்ளாஸ்ல திடீர்னு பாத்தா அவ என்ன ஆவா?"

அக்கா கண்ணாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். துணியால் துடைத்தாள். அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். என்னைவிட அவளுக்குத்தான் கோபம் அதிகம் என்று தெரிந்தது. என்னுடையது கத்துகிற கோபம். அவளுடையது இத்தனை வருடம் தாழ்ப்பாள் போட்டுவைத்த கோபம்.

"நான் சொன்னா, அம்மா தன் பக்கம் பேசுறான்னு நெனப்பா" என்றாள். "ஜட்ஜு சொல்லட்டும். கை தூக்குனவதானே, படிக்கட்டும்."

வியாழக்கிழமை நூலகத்தின் நீள மேஜைகளில் முதலாண்டு மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு நகல் கொடுத்தேன். "சத்தமில்லாம படிங்க. முதல் வரிலேர்ந்து கடைசி வரி வரைக்கும். எதையும் தாண்டக் கூடாது" என்றேன்.

அக்கா மகள் மூன்றாவது மேஜையில் இருந்தாள். நகலை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். தலையைக் குனிந்தாள். அவள் விரல் முதல் வரியிலேயே நின்றுவிட்டது. மறுபடி ஆரம்பித்து மறுபடி அங்கேயே நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், ஆமாம் என்று. அதற்குப் பிறகு அவள் நிமிரவே இல்லை. ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். அழவில்லை. பக்கத்திலிருந்தவள் ஏதோ கிசுகிசுத்தபோது கையை மட்டும் உயர்த்தி நிறுத்தினாள்.

நான் சொல்லி அனுப்பியிருந்ததால் சார் பாதியில் வந்தார். ஓரமாக நின்றார். எல்லோரும் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் முக்கியமான பத்தியை நான் உரக்க வாசித்தேன்.

'கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்த வாதத்தை நாங்கள் முழுமையாக நிராகரிக்கிறோம். பட்டப்பகலில் தன் வீட்டுக் கதவைத் திறந்து வைக்க ஒருவருக்கு உரிமை உண்டு. தெருவில் குழியைத் தோண்டி மூடாமல் விட யாருக்கும் உரிமை இல்லை. அந்தத் தாய் செய்யத் தவறியது எதுவும் இல்லை.'

மேஜைகளில் சலசலப்பு. "அப்ப புக்குல இருக்கறது?" என்று ஒரு பையன் கேட்டான். எல்லோரும் சாரைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"எடிட்டிங்ல ஒரு சின்ன விஷயம் விட்டுப்போச்சு" என்றார். "அத மேடம் இப்ப வாசிச்சுட்டாங்க. பெருசு பண்ண வேண்டாம். விவாதம் நல்லா நடந்துச்சுல்ல, அதான் முக்கியம்."

அக்கா மகள் நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்கம்மா போற? க்ளாஸ் முடியலையே" என்றார் சார்.

"வீட்டுக்கு சார்" என்றாள். அவர் பதில் சொல்வதற்குள் வெளியே போய்விட்டாள்.

வகுப்பை அத்தோடு முடித்தேன். எல்லோரும் போன பிறகு சார் என்னிடம் வந்தார். "என்னாச்சு அந்தப் பொண்ணுக்கு? எதுக்கு அப்படிப் போறா?"

"முதல் வரியில ஒரு பேரு இருக்கு, பாருங்க சார். ஆபீஸ் சேர்க்கைப் பதிவேட்டுல அந்தப் பொண்ணுக்கு நேரா அம்மா பேருன்னு ஒண்ணு இருக்கும். ரெண்டும் ஒண்ணுதான். அந்தம்மா என் கூடப் பிறந்தவ."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மேஜையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஏன் மேடம் எங்கிட்ட சொல்லல? உங்க அக்கான்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே க்ளாஸ்ல போய் மன்னிப்புக் கேட்டிருப்பேனே."

மனதாரத்தான் சொன்னார். அதுதான் என்னை எரித்தது. திங்கட்கிழமையிலிருந்து அவர் சொன்ன எதுவும் என்னை அப்படி எரிக்கவில்லை.

"அதான் சொல்லல சார்" என்றேன். "யாரோ ஒரு அம்மாவா இருந்தா சின்ன விஷயம். எங்க அக்கான்னா மன்னிப்பு. ரெண்டுலயும் செத்தது ஒரே பிள்ளைதான். இந்த நியாயத்தத்தான் வருஷாவருஷம் பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கறோமா?"

நான் விளக்கை அணைத்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டேன். அவர் இருட்டில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வாருங்கள் என்று எப்போதும் சொல்வேன். அன்று சொல்லவில்லை.

அக்கா வீட்டுக்குப் போனபோது வாசற்கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளியதும் திறந்துகொண்டது.

அக்கா கடையிலிருந்து அப்போதுதான் வந்திருக்க வேண்டும், தோளில் பை இன்னும் இருந்தது. சாப்பாட்டு மேஜையின் ஒரு பக்கம் அவள் உட்கார்ந்திருந்தாள். எதிரே மகள் நின்றுகொண்டிருந்தாள். கையில் அந்த நகல். முகம் வீங்கியிருந்தது. மேஜைமேல் கல்லூரிப் பை கவிழ்ந்து கிடந்தது, அதிலிருந்து நழுவிய எங்கள் புத்தகம் அட்டை தெரியக் கிடந்தது. நான் உள்ளே வந்ததை இருவரும் கவனித்தார்கள், கவனிக்காதது போல இருந்தார்கள்.

"பூஜ்யம்மா" என்றாள் மகள். குரல் பிசிறியது. "நான் தப்பா சொல்லிட்டேன். பூஜ்யம்."

"அத நீ சொல்ல வேணாம்" என்றாள் அக்கா. "அத அந்த ஜட்ஜு அன்னைக்கே சொல்லிட்டாரு. அப்ப நீ என் தோள்லதான் தூங்கிட்டிருந்த. நீ எழுபதுன்னு ஏன் சொன்னே? அத மட்டும் எனக்குச் சொல்லு."

"அம்மா."

"சொல்லு. எனக்குத் தெரியணும். அந்தப் பொம்பளைய உனக்குத் தெரியாது. அவ வீட்டத் தெரியாது. அவ பிள்ளையத் தெரியாது. எழுபதுன்னு எத வெச்சு சொன்னே?"

மகள் தலை குனிந்தாள். நகலை மேஜைமேல் வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"புக்குல அப்படித்தான்மா இருந்துச்சு" என்றாள்.

அக்கா தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு மகளைப் பார்க்கவில்லை. கையை நீட்டி மேஜைமேல் கிடந்த புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தாள். அட்டையில் இருந்த இரண்டு பெயரையும் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தாள். இரண்டாவது பெயரில் விரலை வைத்தபடியே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.